ஒரே கயிற்றில் போட்ட முடிச்சு

கதிர்காமத்து முருகன் மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யில்லை. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். முன்பு வேறொரு விஷயத்துக்காக அப்படிச் செய்து வெந்த தழும்பு இன்னும் கையில் இருக்கிறது. அந்த விஷயத்தில் கொஞ்சம் பொய் கலந்திருந்தது. இதில் இல்லை.

நடந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், மாசி மாதம். அப்புத்தளையிலிருந்து பெரகலப் பக்கம் இறங்குகிற சரிவில் இருக்கிறது எங்கள் பனிக்கல் தோட்டம். மத்தியானம் கழிந்தால் மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிரில் வருகிற ஆளை இருமலை வைத்துத்தான் அடையாளம் பிடிப்போம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு மோட்டார் பார்க்கிற வேலை. அடுத்த வீட்டுக் கந்தப்பனுக்கு அடுப்பு வேலை. கொழுந்தை உலர்த்துகிற பெரிய இரும்புப் பெட்டிக்கு விறகு தள்ளி, சூட்டை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். கூடினால் தூள் கருகும், குறைந்தால் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

அந்த வருஷம் காமன் கூத்தில் கந்தப்பன்தான் காமன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன காமனை அவர் நெற்றிக்கண்ணால் எரிக்கிறார். ரதி அழுது உயிர்ப்பிச்சை கேட்கிறாள். மூன்றாம் நாள் காமன் எழும்புகிறான். இதைத்தான் எங்கள் தோட்டங்களில் மாசியில் ஆடுவோம். காமன் வேடம் போடுகிறவனுக்கு முன்கூட்டியே மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டியவன் ஆட்டம் முடியாமல் விலக முடியாது. எரிகிற கட்டத்தில் அவன் விழுந்தால், மூன்றாம் நாள் வரைக்கும் காமன் கொட்டகையில் பச்சை ஓலைக்குக் கீழே கிடப்பான். அது நடிப்பு என்று நினைக்கிறவர்கள் கிட்டப் போய் இமையைத் தூக்கிப் பார்க்கலாம். நான் ஒரு தடவை பார்த்தேன். மறுதடவை பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்து, அவன் பெயர், தகப்பன் பெயர், குடியிருக்கிற வரிசை வீடான லயம், தோட்டம் எல்லாவற்றையும் சொல்லிக் கூப்பிடுவார். அவன் எழும்பித் தன் நினைவுக்கு வருவான்.

முன்பு ஒரு தடவை காமனாக விழுந்த தம்பையா எழும்பினார், நினைவுக்கு வரவில்லை.

அது நடந்து பல வருஷம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். தகப்பன் பெயர் கேட்டால் சொல்வார். லயத்துக்கு வழி தெரியும். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை. வாய் பாதி திறந்தபடி, ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி, வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். தூங்கும்போதும் அந்த வாய் மூடாது. ஆட்டத்துக்குப் போன அன்றைக்கு மனைவியிடம், ‘பெரியாயி, ஒன்னு சொல்ல மறந்துட்டேன், அந்த’ என்று ஆரம்பித்தாராம். அதற்குள் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டு ஓடிவிட்டார். மிச்சம் வாயிலேயே நின்றுபோயிற்று. பெரியாயி அந்த வாய்க்குத்தான் இத்தனை வருஷமாகச் சோறு ஊட்டினாள்.

கந்தப்பனுக்குக் காப்புக் கட்டிய வாரம்தான் கம்பனி ஒரு கம்பியூட்டரை அனுப்பியது. கூடவே மதுசூதனன் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர், இன்ஜினியர், எங்கள் குளிருக்குப் பயந்து இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கம்பியூட்டருக்கு இரண்டு வேலை. அடுப்பின் சூட்டை ஓயாமல் பார்த்துக் காற்றுக் கதவைத் திறந்து மூட வேண்டும். வாசல் தராசில் கொழுந்துச் சாக்கு வந்து உட்கார்ந்தால் அதன் நிறையையும் படிக்க வேண்டும். இனி நீ விறகு போட்டால் போதும், யோசிக்கிறதை அது பார்த்துக்கொள்ளும் என்று தோட்டத்து மேனேஜர் துரை கந்தப்பனிடம் சொன்னாராம். யோசனை போனதில் கந்தப்பனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதல் சில நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் அடுப்பு சீற ஆரம்பித்தது.

சும்மா எரிந்துகொண்டிருக்கிற நெருப்பு, யாரும் தொடாமலே, காற்றுக் கதவு படாரென்று திறந்து, பெட்டிக்குக் கீழே எழும்பி உறுமும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எப்போது சீறும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரில் சும்மா இருக்கிறவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். தராசில் சாக்கு வைக்கிற நேரத்தில்தான் சீறுகிறது, அதிலும் பெரியாயி சாக்கு வைத்தால்தான் சீறுகிறது என்றார்கள். காமனை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவள், நெருப்பு தேடி வராமல் என்ன செய்யும் என்று பேசினார்கள். பெரியாயி நாள் முழுக்க ஓயாமல் கொழுந்து பறிக்கிறவள், மற்றவர்களைவிட அதிகம் சாக்கு வைக்கிறவள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அவள் வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் ஆள் விலகி நின்றார்கள்.

ஒரு நாள் கந்தப்பன் விறகோடு குனிந்த நேரம் பார்த்து அடுப்பு சீறியது. அவன் நிமிர்ந்தபோது புருவம் இருந்த இடத்தில் இரண்டு கரிக்கோடுதான் மிச்சம். நான் பயந்துபோய் அவனிடம் ஓடினேன். அவன் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மணிக்கட்டுக் காப்பைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: “மாமா, இது என்னைய அடையாளம் பாத்துக்கிச்சு.”

காப்பை அவிழ்க்கவும் முடியாது, அடுப்பை விடவும் முடியாது. இரவில் அவன் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரை எழும்பாது. அந்தப் பக்கம் பாய் புரண்டால் இந்தப் பக்கம் கேட்கும். தம்பையா மாதிரி ஆகிவிட்டால் விஜி என்ன செய்வாள் என்பதுதான் அவனுடைய ஒரே கவலை. விஜி என்பது அவன் மனைவி விஜயலெட்சுமி. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை.

மதுசூதனனுக்கு இந்தப் பேச்செல்லாம் காதில் விழுந்து முகம் சுருங்கியது. பெரியாயியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு சாக்கில் கருங்கல்லைப் போட்டுத் தானே தராசில் வைத்து எடுத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். நிறைய தடவை ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை அடுப்பு சீறியது. பெரியாயி மேல் குற்றம் இல்லை என்று ஊர் ஒத்துக்கொண்டது. அதற்குப் பதிலாகக் கருங்கல் எந்த இடத்தில் எடுத்தது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

மதுசூதனன் அன்றைக்கே பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். பால் இல்லாத தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார். கந்தப்பன் விறகுக் கட்டோடு பின்னால் நின்றான்.

கம்பியூட்டரின் மூளைக்குக் கை சின்னது. ஒரு நேரத்தில் கொஞ்ச எண்களைத்தான் கையில் பிடித்திருக்கும். அடுப்புக் கணக்கைப் பாதி போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் தராசு கூப்பிடுகிறது. கையில் இருக்கிற எல்லாவற்றையும் ஓர் இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். சாக்கின் நிறையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, வைத்ததை வைத்தபடியே எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இறக்கி வைப்பதற்கு ஒரு கட்டளை, எடுப்பதற்கு ஒரு கட்டளை. அதை அவர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அந்த மூளைக்கு இன்னொரு கையும் உண்டு. முழு எண்களுக்கு ஒரு கை, புள்ளி வைத்த எண்களுக்கு வேறு கை. முதல் கைக்குச் சொன்ன கட்டளை இரண்டாவது கையைத் தொடாது. அதற்கு வேறு சோடிக் கட்டளை வேண்டும். தராசு வேலை முழுக் கிலோவில்தானே, இரண்டாவது கையை அது தொடப் போவதில்லை என்று அவர் அந்தச் சோடியை எழுதாமல் விட்டார். அப்புறம் துரை ஒரு நாள் வந்து, கொழுந்தில் தண்ணீர் இருக்கும், சாக்குக்கு அரைக் கிலோ கழி என்றார். மழை பெய்தாலும் கழி, பெய்யாவிட்டாலும் கழி. அரை வந்தால் புள்ளி வரும். அன்றிலிருந்து தராசு இரண்டாவது கையையும் பயன்படுத்தியது. அடுப்பின் சூடு தொண்ணூறு சொச்சம் என்று அந்தக் கையில் பிடித்திருக்கிற நேரம் பார்த்துச் சாக்கு வந்தால், திரும்பி வரும்போது கையில் இருபத்திரண்டரை இருக்கும். அது சாக்கின் நிறை. அடுப்பு ஐஸாகிவிட்டது என்று நினைத்துக் காற்றுக் கதவை முழுக்கத் திறந்துவிடும்.

கந்தப்பன் விறகை இறக்கி வைத்தான். கையில் வேறு ஒன்று மாறி இருக்கிறது என்று அதற்குத் தெரியாதா என்று கேட்டான்.

“தெரியாது. தன்ர எண்டு நினைச்சுக்கொண்டு விட்ட இடத்தில இருந்து செய்யும்” என்றார் மதுசூதனன். “அதுக்குச் சந்தேகம் எண்ட ஒண்டு இல்லை ஐயா.”

ஒழுங்காக எடுத்துக்கொண்டால் இடையில் நடந்ததெல்லாம் அதற்கு நினைவிருக்குமா என்று நான் கேட்டேன். சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். வைத்த நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பும், இடையில் உலகம் இடிந்திருந்தாலும் அதற்கு இடியவில்லை என்றார்.

மறுநாள் அந்த இரண்டாவது சோடியையும் எழுதிச் சேர்த்தார். அடுப்பு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சீறவில்லை. எல்லாரும் நிம்மதியானார்கள், கந்தப்பன் மட்டும் ஆகவில்லை. அன்று சாயந்தரம் அவன் மூடுபனிக்குள் என்னோடு நடந்து வந்தபோது, பூசாரி கூப்பிடுகிற சொற்களை விரலை மடக்கி எண்ணினான். பேர், தகப்பன் பேர், லயம், தோட்டம்.

“எல்லாம் முழு எண்ணு, மாமா” என்றான். “தம்பையாவுக்கு மத்தக் கையை யாரும் எடுத்து வைக்கலை.”

ஒரு மனிதனிடம் முழுசாக இருப்பதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாங்கிவிடலாம். பாதியில் நிற்பதை எப்படிக் கூப்பிடுவது? அதுதான் அவன் கேள்வி. அதற்கு அவனே ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டான். காப்புக் கட்டிய கயிற்றில் மிச்சத் துண்டு ஒன்று விஜயலெட்சுமியிடம் இருந்தது. பூசாரி கை பட்ட கயிறு. தன்னிடம் பாதியில் நிற்கிற காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்வான், அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட வேண்டும். எழுப்புகிற நேரத்தில் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். கடைசியில் போட்டதை முதலில் அவிழ்க்க வேண்டும் என்று மதுசூதனனிடம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தான்.

ஆட்டத்து நாள் விடிந்ததும், வேலைக்குப் போகுமுன் இதைச் செய்தார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கேட்க வேண்டும் என்று இருக்கவில்லை, நகர வேண்டும் என்றும் இருக்கவில்லை. ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரை பாதி போட்டிருக்கிறது என்றான். முடிச்சு. மச்சானோடு போட்ட சண்டை பாதியில் நிற்கிறது, அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது தான் எழுந்து வந்துவிட்டதாகச் சொன்னான். முடிச்சு. அப்புறம் மூன்றாவதைச் சொல்ல ஆரம்பித்தான்.

“விஜி, நான் திரும்பி வரலேன்னா…”

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அவன் ஓடிவிட்டான். அவள் அந்தப் பாதிச் சொல்லுக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள்.

விஷயம் லயத்தில் பரவாமல் இருக்குமா? மத்தியானம் பெரியாயி வந்து அவர்கள் வீட்டு வாசலில் நின்றாள். அவளிடமும் ஒரு பாதி இருந்தது. அதை வைக்க அவளுக்கு இடமில்லை. வேறு கயிறு கிடையாது. பூசாரி கை பட்டது அந்த ஒரு துண்டுதான்.

“ஒரு முடிச்சுதான் ஆயி” என்றாள். “ஓரமா போட்டுக்கிறேன்.”

ஊரே ஒதுக்கி வைத்திருந்த ஒருத்தி கையை நீட்டினால் எப்படி மறுப்பது? விஜயலெட்சுமி கயிற்றைக் கொடுத்தாள். பெரியாயி, ‘ஒன்னு சொல்ல மறந்துட்டேன், அந்த’ என்பதைக் கயிற்றுக்குச் சொல்லி, கடைசியாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள்.

சாயந்தரம் காமனை எரித்தார்கள். பனி அவ்வளவு இறங்கியிருந்தது, தீவட்டி மட்டும்தான் தெரிந்தது, பிடித்திருந்த கை தெரியவில்லை. கந்தப்பன் விழுந்த சத்தம் கேட்டது. விறகு விழுந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் எழுப்பினார்கள். வேலைக்குப் போன ஆட்களைத் தவிர எல்லாரும் வந்திருந்தோம். மதுசூதனன் என் பக்கத்தில் நின்றார். தம்பையாவைப் பெரியாயி கூட்டிக்கொண்டு வந்து ஓரத்தில் உட்கார வைத்திருந்தாள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெயரும் தகப்பன் பெயரும் லயமும் தோட்டமும் சொல்லிக் கூப்பிட்டார். கந்தப்பன் எழும்பி உட்கார்ந்தான். கண் திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. விஜயலெட்சுமி அவன் முன்னால் மண்டியிட்டு முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கழுத்து மெதுவாகத் திரும்பி, கூட்டத்தில் பெரியாயியைத் தேடிக் கண்டுபிடித்தது.

“அந்தக் கொடைய பெரகல ஸலீம் பாய்கிட்ட கம்பி மாத்தக் குடுத்திருக்கேன்” என்றான். குரல் கந்தப்பனுடையது, நடுவில் வந்த இருமல் தம்பையாவுடையது. “மழைக்கு முன்ன வாங்கிட்டு வந்துரு.”

நான் திரும்பித் தம்பையாவைப் பார்த்தேன். அத்தனை வருஷமாகத் திறந்திருந்த அந்த வாய் மூடியிருந்தது.

மறுநாள் பெரியாயி பெரகலச் சந்திக்குப் போய் ஸலீம் பாய் கடையில் கேட்டாள். அவர் பரணிலிருந்து ஒரு குடையை எடுத்துத் தூசி தட்டி, இத்தனை வருஷமா எங்க போனீங்க என்று கோபித்துக்கொண்டு கொடுத்தாராம். அது மறுநாள் விஷயம். அந்த நேரத்தில் மதுசூதனன் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே இடமோ ஐயா?” என்று கேட்டார். “ஏன் என்னட்டச் சொல்லேல்லை?”

விஜயலெட்சுமி அடுத்த முடிச்சைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். இதற்குள் இருப்பது அவனுடையதுதானா என்று யோசித்திருப்பாள். அப்புறம் அவிழ்த்தாள். கந்தப்பன் முகத்தில் ஆள் வந்தது. அவளை அடையாளம் கண்டு சிரித்தான்.

“விஜி, நான் திரும்பி வரலேன்னா…”

பின்னேரச் சங்கு ஊதியது. அவன் நிறுத்தினான். அவள் மற்ற முடிச்சுகளையும் அவிழ்த்தாள். கொட்டில் ஞாபகம் வந்தது, மச்சான் ஞாபகம் வந்தது. கூட்டம் குலவை போட்டது. அவள் அழுதாள், நாங்களும் கொஞ்சம் அழுதோம். வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவன் என்னிடம் கேட்டான், முகத்துக்கு எப்போது சாயம் பூசப் போகிறார்கள் என்று. இன்றைக்குத்தானே மாமா என்னை எரிக்கிறது என்று கேட்டான்.

அவனுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் எழும்புவான். கொட்டில் கூரையை யார் போட்டு முடித்தது என்று ஆச்சரியப்படுவான். மச்சான் வந்து புதுசாக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவான், அந்த மச்சான் பொறுமைசாலி. அப்புறம் விஜியைப் பார்த்து, நான் திரும்பி வரலேன்னா என்பான். சங்கு ஊதும். ஓடுவான். அடுப்பைப் பத்திரமாகப் பார்ப்பான். சாயந்தரம் சாயம் பூச வந்து நிற்பான், ஆட்டம் நாளைக்குத்தான் என்று சொல்லித் தூங்க வைப்பார்கள். மறுநாள் அவனுக்கு அதே நாள். இடையில் ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சள் கயிற்றில் அவர்கள் எடுத்து வைத்தது அந்த விடியலை.

விஜயலெட்சுமி மதுசூதனனிடம் போய், இதற்கும் ஒரு சோடிக் கட்டளை எழுதுங்கள் என்று கேட்டாள். அந்த விடியலுக்குப் பிறகு வந்த கந்தப்பனை யாருமே எங்கேயும் எடுத்து வைக்கவில்லையே, எதை எடுப்பது என்றார் அவர். மாற்றல் கேட்டு மொனராகலைக்குப் போய்விட்டார். அங்கே வெயில் கொளுத்தும் என்று சொன்னோம். இரண்டு சட்டையையும் கழற்றாமலே பஸ் ஏறினார்.

இப்போது இரண்டாயிரத்து ஐந்து. எங்கள் தோட்டத்தில் அதற்குப் பிறகு காமன் வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பெரியாயி குடை பிடித்துக்கொண்டு கொழுந்துக்குப் போகிறாள். தம்பையா வாயை மூடியபடியே போய்ச் சேர்ந்தார். விஜயலெட்சுமி அந்தக் கயிற்றில், ‘நான் திரும்பி வரலேன்னா’ என்பதற்கு மறுபடியும் ஒரே ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். அதன் மறுபாதியைக் கேட்காமல் அவளால் இருக்க முடியாது. அதற்கு ஒருவன் காப்புக் கட்டி விழ வேண்டும், எழும்பி அவளுக்கு அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாசியும் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தவள், போன வாரம் என்னிடம் வந்தாள்.

“மாமா, உங்களுக்குப் பாதியில நிக்கிற காரியம் ஒன்னும் இல்லையே” என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்ன குரல்.

யோசித்துப் பார்த்தேன். மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் கொழும்பில், வேலை முடிந்துவிட்டது. கையை நீட்டினேன். நாளைக்கு ஆட்டம். மணிக்கட்டில் காப்பு அரிக்கிறது. மூன்றாம் நாள் எழும்பும்போது உள்ளே யார் இருப்பார் என்று தெரியாது. என்னிடமும் பாதியில் நிற்பது ஒன்று இருக்கிறது என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கயிற்றில் அவளுடைய முடிச்சோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாது, அதனால் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

பனிக்கல் தோட்டத்தில் தொழிற்சாலை என்று ஒன்று இருந்ததே இல்லை. எங்கள் கொழுந்து அன்றும் இன்றும் லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகிறது.